முதலில் ஊகி, பிறகு பார்!

பொன்னமராவதியின் வெயிலும் வண்டலும் மீனும் தொடக்கப் பள்ளியில் பாடமாகட்டும்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள், பொன்னமராவதியில் செங்குத்தாக நட்டுவைத்த குச்சிக்கு உச்சிப் பொழுதில் நிழல் விழாது. ஏப்ரல் நடுவிலும் இப்படி ஒரு நாள் உண்டு. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நடப்பது இது. பள்ளி வாசலில் இதைப் பார்க்க ஒரு நேரான குச்சி, சமமான தரை, ஒரு சாக்பீஸ், ஒரு கடிகாரம் போதும்.

நிழல் எத்தனை மணிக்கு மறையும் என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் '12 மணிக்கு' என்பார்கள். அதை அப்படியே கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு வெளியே அழைத்துப் போகவேண்டும். 12 மணிக்கு நிழல் இருக்கும். ஒரு மீட்டர் குச்சிக்கு ஏழு சென்டிமீட்டர் அளவில், மேற்குப் பக்கமாகக் கிடக்கும். ஏறத்தாழ கால் மணி நேரம் கழித்துத்தான் அது குச்சியின் அடிக்குள் ஒடுங்கும். கடிகாரம் தப்பா, சூரியன் தாமதமா?

இரண்டும் இல்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம். அது, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பொன்னமராவதி அதற்கு ஏறக்குறைய 4 பாகை மேற்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். நாலு நாலு பதினாறு! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாட்டைக் கொண்டே தன் ஊர் அந்தத் தீர்க்கரேகைக்கு எவ்வளவு மேற்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறது.

வேடிக்கை வேறு, சோதனை வேறு

செயல்வழியாகச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இலேயே கிராமப் பள்ளிப் பிள்ளைகள் சோதனை செய்து அறிவியல் படிக்கும் திட்டம் தொடங்கியது. அதில் பங்கெடுத்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வு ட்யூபிலும் வடிவியல் கற்றுத்தந்தார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் தமிழகம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. அவர்கள் வரைந்த படங்கள் கம்பிப் பந்தலில் தொங்கின.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. டீச்சர் செய்துகாட்ட, பிள்ளைகள் கைதட்டினால் அது வேடிக்கை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே வாயைத் திறந்து சொன்ன பிள்ளைக்குத்தான் அது சோதனை. ஊகம் தப்பாகும் இடத்தில்தான் 'ஏன்?' என்ற கேள்வி பிறக்கும். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

சீசாவுக்குள் ஒரு கண்மாய்

பொன்னமராவதி இருக்கும் புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களால் வாழ்வது. இங்கே மண்ணைப் பற்றிய பாடத்தைப் படத்தில் காட்டுவது பாவம். வாயகன்ற கண்ணாடிச் சீசாவில் கால் பாகம் கண்மாய் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி மேசையில் வையுங்கள். எது முதலில் அடியில் படியும், தண்ணீர் எப்போது தெளியும் என்று ஆளுக்கொரு ஊகம் எழுதட்டும்.

மணல் ஒரு நிமிடத்துக்குள் கீழே போய்விடும். அதன்மேல் மெல்ல வண்டல் படியும். இலைத் துணுக்கும் வேர்த் துணுக்கும் மேலே மிதக்கும். களியின் மிக நுண்ணிய துகள்கள் மறுநாள் காலையிலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கக்கூடும். வயல் மண்ணையும் செம்மண்ணையும் பக்கத்துச் சீசாக்களில் வைத்து அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால், எந்த மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும், கோடையில் விவசாயிகள் ஏன் கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

இதே பாடத்தை நம் முன்னோர் கல்லில் செய்துவைத்திருக்கிறார்கள். இம்மாவட்டக் கண்மாய்களுக்குள் தண்ணீர் திறந்துவிட இரண்டு கல்தூண்களோடு அமைத்த குமிழித் தூம்புகளைப் பார்க்கலாம்; சிலவற்றில் கல்வெட்டும் உண்டு. தூம்பின் மேல் துளை நீரோடி. அதன் வழியே பாசனத்துக்குத் தண்ணீர் போகும். அடியிலுள்ள சிறு துளைகள் சேறோடி. தண்ணீர் பாயும் வேகத்தில் படிந்த சேறும் இழுபட்டு வெளியேறும். சீசாவில் வண்டல் படிவதைக் கண்ட பிள்ளைக்கு, சேறு போக ஏன் தனி வழி வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊத்தாவில் சிக்கும் உயிரியல்

கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது பொன்னமராவதி வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா களைகட்டும். ஊத்தா, கச்சா, வலை என்று மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும். விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று பிள்ளைகளுக்கு எல்லாம் பெயர் சொல்லத் தெரியும். விடுமுறை முடிந்து வந்ததும் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். கரையில் போட்ட கெண்டை சீக்கிரம் சாகிறது, விரால் மட்டும் நெடுநேரம் துள்ளுகிறதே, ஏன்? விராலுக்குச் செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் இருக்கிறது. எல்லாக் கண்மாயிலும் ஜிலேபி எப்படிப் பெருகியது? ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் தப்பிப் பிழைப்பவை அதிகம். வெளியிலிருந்து வந்த ஓர் உயிர் உள்ளூர் உயிர்களை என்ன செய்யும் என்ற பெரிய கேள்வி, பிள்ளை கையில் பிடித்த மீனிலிருந்தே வந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், கருத்தாளர்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பிச் சோதனைகள் செய்யவைக்கிறது. நல்ல திட்டம், ஆனால் அது 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கானது. கேள்வி கேட்கும் ஆர்வம் பொங்கி வழிவதோ அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில். அந்த வயதுக்கும் இது வந்து சேரவேண்டும்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளையை வகுப்பறைக்கு வெளியே என்று ஒதுக்கலாம். கண்மாய்க்குப் போனால் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உடன் வரட்டும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்காமல் கரையோடு நிற்கட்டும். மடை திறந்து பழகிய பெரியவர்கள் அங்கே ஆசிரியராகட்டும். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் தொண்டர்களை நம்பி ஊர் ஊராகப் படிக்கவைத்த மாவட்டம் இது. அந்தப் பழக்கம் புதுக்கோட்டைக்குப் புதிதல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மதிப்பெண். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் போடும்வரை பிள்ளை ஊகிக்கப் பயப்படும். 'நான் இப்படி நினைத்தேன், அப்படி நடக்கவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம்' என்று நோட்டில் எழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் 'எத்தனை பாடம் முடிந்தது?' என்பதற்குப் பதில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். இதற்கு நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கலாம்.