எட்டாவது போனுக்கு இடமில்லை!

"டேய், வை-ஃபை பேரே காட்டலைடா!"

ராத்திரி 10 மணி. என்.எஸ்.எஸ். முகாமுக்காக நாங்க தங்கியிருந்த கிராமத்து அரசுப் பள்ளி. வகுப்பறைத் தரையில ஒரு பழைய லேப்டாப், அதைச் சுத்தி நாலு இன்ஜினீயரிங் மண்டைகள். விடிஞ்சா ஏழாம் வகுப்புப் பசங்க 35 பேர் வருவாங்க. 'இன்டர்நெட்டே இல்லாம விக்கிபீடியா காட்டுறோம் சார்'னு ஹெட்மாஸ்டர்கிட்ட கெத்தா சொல்லி வெச்சாச்சு!

திட்டம் சிம்பிள்தான். கிவிக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. தமிழ் விக்கிபீடியாவை ஒரே ஃபைலா இறக்கி வெச்சுக்கிட்டா, நெட் இல்லாமலே படிக்கலாம். லேப்டாப்ல லினக்ஸ் போட்டு, அதையே வை-ஃபை கொடுக்கிற ஆக்ஸஸ் பாயின்ட்டா மாத்திட்டா, பக்கத்துல இருக்கிற போன்கள்ல எல்லாம் பக்கம் திறக்கும். லேப்டாப்போட சொந்த வை-ஃபை எப்பவோ மண்டையைப் போட்டுடுச்சு. அதனால யுஎஸ்பி-யில செருகுற குட்டி அடாப்டர். அங்கேதான் ஆரம்பிச்சது ஏழரை!

'ஹாஸ்டல்ல இதே அடாப்டர் சூப்பரா ஓடுச்சே'னு ஒருத்தன் புலம்பினான். ஓடும்தான். ஆனா, வை-ஃபையை வாங்குறது வேற, கொடுக்கிறது வேற பாஸ்! வாங்குற அடாப்டர் ஒரே ஒரு ரவுட்டர்கிட்ட பேசினா போதும். கொடுக்கிற அடாப்டரோ 'நான் இங்கே இருக்கேன்'னு செகண்டுக்கு சுமார் 10 தடவை கூவணும். தூங்குற போனுக்கு வந்த தகவலைப் பத்திரமா பிடிச்சு வெச்சு, அது முழிச்சதும் கொடுக்கணும். இந்த வேலைக்குச் சிப்பும் ஒத்துழைக்கணும், அதோட டிரைவரும் ஒத்துழைக்கணும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே கமாண்ட் போதும்: 'ஐடபிள்யூ லிஸ்ட்'. அடாப்டருக்கு என்னென்ன வேலை தெரியும்னு ஜாதகமே வரும். அந்தப் பட்டியல்ல 'ஏபி'ங்கிற ரெண்டெழுத்து இருக்கணும். எங்க அடாப்டர்ல இல்லை. ரெண்டு மணி நேரமா செட்டிங்ஸ் ஃபைலை மாத்தி மாத்தி எழுதினது எல்லாம் வேஸ்ட்!

நல்லவேளை, சீனியர் ஒருத்தர் பைக்குள்ள இன்னொரு அடாப்டர் கிடந்துச்சு. உள்ளே ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப். பட்டியல்ல 'ஏபி' இருந்தது. விசில்!

விசில் அடங்கறதுக்குள்ள அடுத்த அடி. அடாப்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டா மாத்துற 'ஹோஸ்ட்ஏபிடி' புரோகிராம், 'சாதனம் பிஸி'னு சொல்லி மடக்குனு நின்னுடுச்சு. காரணம், நம்ம நெட்வொர்க் மேனேஜர். வை-ஃபை கார்டு எது தெரிஞ்சாலும் 'இது என் சொத்து'னு கையைப் பிடிச்சுக்கும். 'இதை மட்டும் நீ தொடாதே'னு அதுக்குச் சொன்னோம். உடனே போன்ல நெட்வொர்க் பேர் வந்துடுச்சு!

தொட்டா... 'ஐபி முகவரி பெறுகிறது'னு சுத்திக்கிட்டே இருக்கு. கட்டதுரைகிட்ட சிக்கின கைப்புள்ள மாதிரி ஆயிட்டோம். கடைசியில லாகைத் திறந்து பார்த்தா, முகவரி பிரிச்சுக் கொடுக்கிற 'டிஎன்எஸ்மாஸ்க்' தெளிவா எழுதி வெச்சிருக்கு: போன் முகவரி கேட்குது, ஆனா இந்தக் கார்டுக்கே முகவரி இல்லையே! நெட்வொர்க் மேனேஜரை ஒதுக்கி வெச்சது நாங்கதானே? அது பார்க்க வேண்டிய வேலையை நாங்க பார்க்கலை. கையால ஒரு முகவரி கொடுத்ததும் போன் கப்புனு ஒட்டிக்கிச்சு. ஒரு பிரச்னையைத் தீர்க்கிறப்போ அடுத்ததை நாமே உருவாக்குவோம்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

மணி 1. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தமும் கட். கர்னல் என்ன பேசுதுன்னு காட்டுற 'டிமெசேஜ்' கமாண்டைப் போட்டோம். 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்'. யாரும் தொடவே இல்லையே! அப்பத்தான் கவனிச்சோம், அடாப்டர் ஒரு மலிவான யுஎஸ்பி ஹப்ல மாட்டியிருக்கு. யுஎஸ்பி 2.0 போர்ட் அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர் தரும். தனி அடாப்டர் இல்லாத ஹப்போ, விதிப்படி ஒரு துளைக்கு 100தான் தரணும். கத்திக் கத்திப் பேசுற வை-ஃபைக்கு அது பத்துமா? நேரா லேப்டாப்ல செருகினோம். அப்புறம் ஒரு தடவைகூட கட் ஆகலை. மூணு போன்ல செக் பண்ணிட்டு நிம்மதியா தூங்கினோம்.

அதுதான் நாங்க செஞ்ச பெரிய தப்பு!

காலையில பசங்க வந்தாச்சு. கையில 10 போன். ஒண்ணு, ரெண்டு... ஏழு வரைக்கும் ஜோர். எட்டாவது போன் உள்ளேயே வரலை. பாஸ்வேர்டு சரி, சிக்னல் ஃபுல். ஒரு போனைக் கழட்டினா எட்டாவது உள்ளே வருது! லாக்ல பதில் இருந்துச்சு: புது ஆளை டிரைவர்ல சேர்க்க முடியலைனு. விஷயம் இதுதான், அந்த சிப்போட ஃபர்ம்வேர் ஆக்ஸஸ் பாயின்ட்டா இருக்கிறப்போ 7 பேரைத்தான் தாங்கும். எந்த செட்டிங்ஸாலயும் அதை மாத்த முடியாது.

35 பசங்க, 7 போன். அஞ்சஞ்சு பேரா வட்டமா உட்கார வெச்சோம். ஒருத்தர் சத்தமா வாசிக்க, மத்தவங்க கேட்டாங்க. 'அண்ணே, திமிங்கிலம் போடுங்கண்ணே!', 'அண்ணே, எங்க ஊரு இருக்கா பாருங்கண்ணே!' ஊர் இல்லை. 'அப்ப நாங்களே எழுதலாமா?'னு ஒரு பொண்ணு கேட்டா. எழுதலாம் தங்கச்சி, யார் வேணும்னாலும் எழுதலாம்!

மூணு போன்ல ஓடினது பத்து போன்லயும் ஓடும்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம். நிஜமா எத்தனை பேர் வருவாங்களோ, அத்தனை பேரை வெச்சு முந்தின நாளே சோதிச்சிருக்கணும். இது வை-ஃபைக்கு மட்டுமா?

அடாப்டர் வாங்கப் போறீங்களா?

* அட்டைப்பெட்டியைப் பார்க்காதீங்க, சிப்பைப் பாருங்க. ஒரே மாடல்ல வெர்ஷன் மாறினா சிப்பே மாறலாம். செருகிட்டு 'எல்எஸ்யுஎஸ்பி' போட்டா குட்டு வெளிப்படும்.

* கர்னல்லயே டிரைவர் இருக்கிற சிப்தான் நிம்மதி. உதாரணம், மீடியாடெக் எம்டி7612யு. 2018-ல் வந்த 4.19 கர்னல்லயே இதுக்கு டிரைவர் சேர்ந்தாச்சு.

* கீழே இருந்து மேலே போங்க: கரன்ட், சிப், டிரைவர், ஹோஸ்ட்ஏபிடி, முகவரி. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

* லாகைப் படிங்க பாஸ்! எங்களுக்கு வந்த ஒவ்வொரு பிரச்னைக்கும் விடை ஸ்கிரீன்லயே இருந்தது. நாங்கதான் பார்க்கலை.