செம்பு மூக்கும் வெள்ளிக் காசும்

பழைய காசு சேர்ப்பவர்கள் முதலில் தேடுவது பளபளப்பை. முகம் தெளிவாக இருக்கிறதா, எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை ஏறுகிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சில்லறை வெள்ளிக் காசுகளை இப்படி எடைபோடுவது தவறு. கூலிக்கும் ரொட்டிக்கும் கைமாறித் திரிந்த காசுகள் அவை. அவற்றின் தேய்மானமே சரித்திரம். எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளியில் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார். சில ஆண்டுகளில் காசில் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி என்றானது. காசு தேயத் தேய, நேர்முகமாகப் பொறித்திருந்த அரசரின் மூக்கில் செம்பு வெளியே தெரிந்தது. ‘செம்பு மூக்கன்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. புத்தம்புதுக் காசில் அந்த ஏமாற்று கண்ணுக்குப் படாது. அவருடைய மகள் முதலாம் எலிசபெத் 1560-61இல் அந்த மட்டக் காசுகளைத் திரும்பப் பெற்று, நல்ல வெள்ளியில் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது.

தேய்மானத்துக்கு நிகரான சாட்சி, காசு கிடைத்த இடம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், 1610இல் ஆங்கிலேயர் குடியேறிய கியூப்பிட்ஸ் என்ற ஊரின் அகழாய்வில், ஏழாம் ஹென்றியின் இரண்டு பென்னி வெள்ளிக் காசு 2021இல் கிடைத்தது. 1490களில் கேன்டர்பரியில் அடித்தது. குடியேற்றம் தொடங்கியபோதே அதற்கு நூறு வயதுக்கு மேல். இதே காசு லண்டன் கடையொன்றில் இருந்தால் பலவற்றில் ஒன்று, அவ்வளவுதான். அந்த மண்ணிலிருந்து வந்ததால், அரசர்கள் பலர் மாறிய பிறகும் பழைய வெள்ளி மக்களின் மடியில் கடல் தாண்டியது என்று நமக்குத் தெரிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மொன்றியல் பகுதியிலோ வெள்ளிக்கே பஞ்சம். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கென்று பதினான்காம் லூயி 1670இல் சிறு வெள்ளிக் காசுகளை அடிக்கச் செய்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 1685இல் படைவீரருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமின்றி, சீட்டாட்ட அட்டைகளில் கையெழுத்திட்டுப் பணமாக விட்டார் நிர்வாகி ஜாக் டி மெல்.

இடம்தான் முக்கியம் என்றால், காசு சேர்ப்பவர்களே அந்தத் தடயத்தை அழிப்பவர்கள் அல்லவா என்று தொல்லியலாளர்கள் கேட்பார்கள். பாதி நியாயம். உலோகம் காட்டும் கருவியோடு மண்ணைக் கிளறி, காசை மட்டும் பிடுங்கிச் செல்பவர்களால் இழப்பு பெரிது. ஆனால் சேர்ப்பவர்கள் எல்லோரும் அப்படியில்லை. மொன்றியலில் 1862இல் நாணய ஆர்வலர்கள் தொடங்கிய சங்கம்தான், 1705இல் ஆளுநருக்காகக் கட்டிய ஷாத்தோ ராம்சே மாளிகையில் 1895இல் அருங்காட்சியகத்தைத் திறந்தது. தனியார் பெட்டிகளில் முடங்கியிருக்கக்கூடியவை ஊரார் பார்வைக்கு வந்தன. குறிப்போடு வைத்திருக்கும் சேகரிப்பு அறிவைக் கூட்டும். குறிப்பில்லாதது வெறும் உலோகம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எலிசபெத்தின் ஆறு பென்னி நல்ல தொடக்கம். 1561 முதல் அதில் ஆண்டு பொறித்திருக்கிறது. சரியான எடை ஏறத்தாழ 3 கிராம். அதைவிடக் குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கிறார்களா, தேய்ந்ததா என்று பாருங்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்பதை உறையில் எழுதி, காசோடு சேர்த்தே வையுங்கள். வெள்ளி விளக்கைப்போல் விபூதி போட்டு மட்டும் துலக்கிவிடாதீர்கள். கறுப்போடு சேர்ந்து மேற்பரப்பின் நுண்ணிய பொறிப்புகளும் போய்விடும்.