தீவும் சந்தையும் – 6: தொண்ணூற்றொன்பது வருஷத்து வீடு

சென்ற வாரம் சிங்கப்பூரின் துறைமுகத்தைப் பற்றியும் ஜூரோங் தொழிற்பேட்டையைப் பற்றியும் எழுதினேன். அந்த நகரத்துக்குச் செல்வம் எவ்வழியில் வந்தது என்பதற்கு அவ்விரண்டும் போதிய சான்றுகள். ஆனால் வந்த செல்வம் சாமானிய ஜனங்களிடம் எந்த ரூபத்தில் போய்ச் சேர்ந்தது, சேர்ந்த செல்வம் அவர்களைச் சர்க்காரோடு எவ்விதம் பிணைத்தது என்று அறிய விரும்புகிறவன், கப்பல்களையும் வங்கிக் கோபுரங்களையும் விட்டுவிட்டு, தோ பாயோவிலோ ஆங் மோ கியோவிலோ உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏறி, அங்கே குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவைத்தான் பார்க்க வேண்டும். அந்நாட்டு வாசிகளில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் வசிக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள் அல்லர், வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். ஏழைகளுக்கு வாடகை வீடு கட்டிக் கொடுத்த சர்க்கார்கள் உலகத்தில் பல உண்டு. தொழிலாளியையும் குமாஸ்தாவையும் ஆசிரியரையும் ஒரே கட்டடத்தில் வீட்டுக்காரர்களாக உட்கார வைத்த சர்க்கார் இதைப்போல வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆரம்பம் அவ்வளவு அழகாக இல்லை. யுத்தத்துக்குப் பிந்திய வருஷங்களில் சைனாடவுனின் பழைய கடைவீடுகளில் மேல்மாடிகளையெல்லாம் பலகையால் தடுத்துத் தடுத்து, ஜன்னலே இல்லாத அறைகளாக்கி, அறைக்கொரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டிருந்தார்கள்; நகரத்தின் விளிம்பிலோ அத்தாப்புக் கூரை வேய்ந்த குடிசைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆங்கிலேயர் 1927-இல் ஏற்படுத்திய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் முப்பத்திரண்டு வருஷ காலத்தில் கட்டியது சுமார் 23,000 வீடுகள்தாம். 1959-இல் பதவிக்கு வந்த மக்கள் செயல் கட்சி, மறு வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, லிம் கிம் சான் என்ற வியாபாரியை அதற்குத் தலைவராக்கியது. ஜவ்வரிசி செய்ய ஓர் இயந்திரத்தைத் தாமே வடிவமைத்துப் பணம் சேர்த்த அந்த மனிதர், வேலை நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு சித்தாந்தம் இல்லாதவராக இருந்தது அந்தக் கழகத்தின் பாக்கியம். முதல் ஐந்து வருஷங்களில் 50,000 வீடுகளுக்கு மேல் எழுந்துவிட்டன.

இடையில் 1961-ஆம் வருஷம் மே 25-ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறக்குறைய 16,000 பேரை வீதியில் நிறுத்தியது. வெந்து கிடந்த நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அங்கேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. அந்தத் துரிதத்தைக் கண்ட பிறகுதான் புதிய கழகத்தின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறந்தது எனலாம். எல்லாரும் மகிழ்ந்து குடியேறினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கிராமத்தை விட்டு வந்த குடியானவர்கள் சிலர் தாங்கள் வளர்த்த பன்றிகளையும் மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு போனதாக அப்போது பிரதம மந்திரியாக இருந்த லீ குவான் யூ தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். படிக்கச் சிரிப்பு வருகிறது; தோட்டமும் கோழிக் கூண்டும் ஜீவனோபாயமாக இருந்த குடும்பத்துக்குப் பத்தாம் மாடி எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் அந்தச் சிரிப்பு நிலைப்பதில்லை.

வீடு கட்ட முதலில் நிலம் வேண்டும். 1966-இல் வந்த நிலக் கையகப்படுத்தும் சட்டம் பொதுக் காரியத்துக்கென எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்தது. பிற்பாடு, நஷ்டஈடு 1973 நவம்பர் 30-ஆம் தேதியன்று இருந்த சந்தை விலைக்கு மேல் போகாது என்றும் வரையறுத்துவிட்டார்கள். நகரம் வளர வளர நிலத்தின் மதிப்பும் வளர்ந்தது. ஆனால் அந்த வளர்ச்சி நிலத்துக்கு உரியவனைச் சேராமல் பொதுவில் சேர்ந்தது. இன்று தீவின் நிலத்தில் பத்தில் சுமார் ஒன்பது பங்கு சர்க்காருக்கே சொந்தம். மலிவான வீட்டின் ரகசியத்தில் பாதி இதில் அடங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆண்ட சொத்தைச் சொற்ப விலைக்கு இழந்தவர்களின் மனக்குமுறலை அந்நாட்டின் வெற்றிச் சரித்திரங்கள் அதிகம் பேசுவதில்லை. பேசியிருந்தால் அந்தச் சரித்திரங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மற்றப் பாதி, மத்திய சேம நிதி. தொழிலாளியின் வயோதிக காலத்துக்காக ஆங்கிலேயர் 1955-இல் தொடங்கிய திட்டம் அது. தொழிலாளி ஐந்து சதவீதம், முதலாளி ஐந்து சதவீதம் என்று எளிமையாக ஆரம்பித்தது. 1964-இல் வீடுகளை விலைக்குக் கொடுக்கும் திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தபோது, முன்பணம் கட்ட வழியில்லாமல் பலர் ஒதுங்கி நின்றார்கள். சேம நிதியில் கிடக்கும் பணத்தையே முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று 1968-இல் சட்டத்தைத் திருத்தியதும் காட்சி மாறிவிட்டது. சந்தா விகிதமும் படிப்படியாக உயர்ந்து, எண்பதுகளின் நடுவில் இரு தரப்பும் இருபத்தைந்து இருபத்தைந்து சதவீதம் செலுத்தும் அளவுக்குப் போயிற்று. 1985-இல் வியாபாரம் மந்தமானதும் முதலாளிகளின் பங்கை ஒரே வீச்சில் பத்தாகக் குறைத்தார்கள். ஒரு தேசத்தின் கூலிச் செலவைச் சட்டத்தின் ஒரு வரியில் இறக்கவும் ஏற்றவும் முடிகிற இந்த வசதி வேறு எத்தனை நிதி மந்திரிகளுக்குக் கிடைத்திருக்கிறது?

இன்றைய கணக்கைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள்) சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் சம்பளத்தில் இருபது சதவீதம், அதாவது 800 வெள்ளி, கைக்கு வராமலே சேம நிதிக்குப் போய்விடுகிறது. முதலாளி தம் பங்காகப் பதினேழு சதவீதம், 680 வெள்ளி, சேர்க்கிறார். ஆகமொத்தம் 1,480 வெள்ளி. இதில் 920 வெள்ளி சாதாரணக் கணக்கில் விழுகிறது. மிச்சம் வைத்தியச் செலவுக்கும் முதுமைக்கும் என்று பிரிகிறது. வீட்டுக் கடனின் தவணையைச் சாதாரணக் கணக்கிலிருந்தே கழகம் எடுத்துக்கொள்கிறது. மனைவியும் வேலைக்குப் போகிறவரானால் இருவர் கணக்குமாகச் சேர்ந்து தவணை முழுவதையும் தாங்கிவிடும். மாதச் சம்பளத்தில் கைக்கு வந்த பணத்தைத் தொடாமலே வீடு சொந்தமாகிக்கொண்டு வரும். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி 2.5 சதவீதம், கழகத்தின் கடனுக்குக் கொடுக்கும் வட்டி 2.6 சதவீதம். சேம நிதியின் பணமோ சர்க்காரின் கடன் பத்திரங்களில் போய்த் தங்குகிறது. தொழிலாளியின் பணம் சர்க்காரிடம் போய், சர்க்காரின் வீடு தொழிலாளியிடம் வந்து, அதன் தவணை மறுபடியும் சர்க்காரிடம் போகும் இந்தச் சுழற்சியை வகுத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை.

கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னால் ஓர் அரசியல் ஞானமும் இருந்தது. 1967-இல் இளைஞர்களுக்குக் கட்டாயத் தேசிய சேவை வந்தது. சொந்த வீடு இல்லாத குடும்பத்தின் பிள்ளை, பணக்காரர்களின் சொத்தைக் காக்கத்தானே தன்னைத் துப்பாக்கி தூக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பான் என்பதை லீ குவான் யூ உணர்ந்திருந்தார். குடியேறிகளின் பிள்ளைகளை மண்ணோடு கட்டிப்போட அவர் கண்ட கயிறு தேசப்பற்றுக் கீதங்கள் அல்ல, வீட்டுப் பத்திரம்.

வீடு இப்படி வாழ்க்கையின் மையத்தில் வந்து உட்கார்ந்துவிட்டபடியால், குடும்ப தர்மத்தையும் அதுவே வகுக்கத் தொடங்கிவிட்டது. புது வீட்டுக்கு மனுப்போடக் குடும்பமாக இருக்க வேண்டும்; அல்லது குடும்பமாகப் போவதாக நிச்சயித்திருக்க வேண்டும். ஆகவே அங்கே ஒரு வாலிபன் தன் காதலியிடம், "வீட்டுக்குப் பதிவு செய்துவிடலாமா?" என்று கேட்டால் அது கல்யாணப் பேச்சு என்று அர்த்தம் என ஊரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மனுப்போட்டு, குலுக்கலில் எண் வந்து, கட்டடம் எழும்பிச் சாவி கைக்கு வரச் சில வருஷங்கள் ஆகின்றன. அதற்குள் மனம் மாறிப் பிரிந்துவிட்டவர்கள் காதலோடு கூட முன்பணத்திலும் ஒரு பகுதியை இழக்கிறார்கள். தனி ஆளாக இருப்பவர் முப்பத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டும். இன்னார் எப்போது மணக்கலாம் என்று சர்க்கார் எங்கும் உத்தரவு போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

அண்டை வீட்டுக்காரர் யார் என்பதில் மட்டும் உத்தரவு வெளிப்படையாகவே இருக்கிறது. ஓரினத்தார் ஓரிடத்தில் திரண்டுவிடக் கூடாது என்று 1989 மார்ச் மாதம் ஒரு விகிதாசாரம் வகுத்தார்கள். இன்று ஒரு கட்டடத்தில் சீனர் 87 சதவீதத்துக்கும், மலாய்க்காரர் 25 சதவீதத்துக்கும், இந்தியரும் ஏனையோரும் 15 சதவீதத்துக்கும் மேல் போக முடியாது. இதன் பலன் பிரத்தியட்சம்: ஒரே தாழ்வாரத்தில் ஒரு வாசலில் மாவிலைத் தோரணமும் அடுத்த வாசலில் சிவப்பு நிறப் பூஜை மாடமும் அதற்கடுத்த வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்த செருப்புகளோடு பெருநாள் விருந்தாளிகளும் காணப்படுவார்கள். தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில் சனிக்கிழமை மலாய்க் கல்யாணம் நடக்கும்; அதே இடத்தில் மறு வாரம் சீனர் ஒருவரின் சவப்பெட்டியை வைத்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள்.

ஆனால் வீட்டை விற்கப் போகும்போது இதே விதி வேறு முகத்தைக் காட்டுகிறது. கட்டடத்தில் சீனர் பங்கு நிரம்பிவிட்டதென்றால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. சீனரல்லாத ஒருவரைத் தேட வேண்டும். ஜனத்தொகையில் முக்கால் பங்கை ஒதுக்கிவிட்டு மீதிக் கால் பங்கில் ஆள் தேடுகிறவருக்கு நல்ல விலை கிடைப்பது எப்படி? நல்லிணக்கத்தின் விலையில் பெரும்பங்கைச் சிறுபான்மையோரே செலுத்த நேர்கிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. விற்க முடியாமல் தவிப்போரிடமிருந்து கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது. விதியை எடுத்துவிடலாமா என்றால், என் அபிப்பிராயம் கூடாது என்பதே. 1964-இல் இனக் கலவரம் கண்ட நகரம் அது. இதற்குப் பதிலாக வேறு வழி சொல்கிறவர்கள் இன்னும் ஒரு நல்ல வழி சொல்லவில்லை.

இனி, சொந்தம் என்ற விஷயத்துக்கு வருவோம். விலை கொடுத்து வாங்கிய வீடு நிரந்தரமாக வாங்கியவருடையது அல்ல. தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. முப்பது நாற்பது வருஷம் வரை இதை யாரும் கவனிக்கவில்லை. விலை ஏறிக்கொண்டே இருந்தது. பழைய கட்டடங்களைச் சர்க்காரே நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு புது வீடு தரும் என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. எல்லாப் பழைய வீடுகளுக்கும் அந்த யோகம் வாய்க்கும் என்று எண்ண வேண்டாம் என 2017-இல் அப்போது தேசிய வளர்ச்சி மந்திரியாக இருந்த லாரன்ஸ் வோங் எச்சரித்த பிறகுதான் பலர் தங்கள் பத்திரத்தை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். கேலாங் வட்டாரத்தில், மூன்றாவது லோரோங் என்ற சந்தில், 1958-ஆம் வருஷத்துத் தீயில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய 191 தனியார் வரிசை வீடுகள் இருந்தன. அறுபது வருஷக் குத்தகை 2020 டிசம்பர் 31-இல் முடிந்ததும் அவை நஷ்டஈடில்லாமல் சர்க்காரிடம் திரும்பிச் சேர்ந்தன. கழக வீடுகளுக்கு அந்தத் தேதி வர இன்னும் காலம் இருக்கிறது. ஆயினும் அறுபதுகளில் கட்டியவற்றுக்குப் பாதி ஆயுள் தீர்ந்துவிட்டது.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. முதியவருக்கு அந்த வீடே வாழ்நாள் சேமிப்பு. ஆகையால் அதன் விலை ஏற வேண்டும். புதிதாக மணந்த தம்பதிக்கோ விலை ஏறவே கூடாது. பத்து லட்சம் வெள்ளிக்கு ஒரு கழக வீடு முதன்முதல் மறுவிற்பனையானபோது, 2012-இல், அது பத்திரிகைகளுக்கு அதிசயச் செய்தி. 2024-இல் மட்டும் அப்படி விலைபோனவை ஆயிரத்துக்கும் அதிகம். இரு தலைமுறைக்கும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்துவிட்ட சர்க்கார், மானியத்தாலும் நிபந்தனைகளாலும் இரண்டு பக்கமும் சமாளித்துக்கொண்டு வருகிறது. வீடு உண்டு, கையில் காசில்லை என்ற நிலையிலுள்ள கிழவர்களிடமிருந்து குத்தகையின் கடைசிப் பகுதியை மட்டும் விலைக்கு எடுத்துக்கொண்டு, மாதாமாதம் ஜீவனத்துக்குப் பணம் தரும் ஒரு திட்டமும் 2009 முதல் இருக்கிறது. தாம் மறைந்த பிறகு வரப்போகும் வருஷங்களை விற்று அரிசி வாங்குவது என்பது பொருளாதார சாஸ்திரத்துக்குச் சரி. பேரனுக்கு வீட்டை விட்டுப்போக நினைத்த கிழவருக்கு அது எளிதில் சம்மதமாகுமா?

இந்த வீடுகளைக் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கு எதிலும் இல்லை. ஏறக்குறைய 60 லட்சம் பேர் உள்ள நாட்டில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டார். கட்டட வேலைக்கென்று தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரும் வேலை அனுமதிக்காரருக்குச் சேம நிதி கிடையாது. அவருக்காக முதலாளி சர்க்காருக்குத் தலைவரி கட்டுகிறார். அந்தப் பணம் தொழிலாளியின் கணக்கில் சேர்வதில்லை. அவர் மணக்க விரும்புவது சிங்கப்பூர்ப் பெண்ணை என்றால் அதற்கும் அனுமதி வேண்டும். விடியற்காலையில் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போய், இரவில் ஊரின் ஓரத்திலுள்ள விடுதிக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை இந்தியர் கூடும் தேக்காப் பகுதியில் நண்பர்களைக் கண்டு ஊருக்குப் பணம் அனுப்புவதோடு அவர்களுடைய நகர வாழ்க்கை முடிகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா அந்த விடுதிகளுக்குள் புகுந்து, மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோதுதான் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற கேள்வியே பொதுப் பேச்சுக்கு வந்தது. மறு வருஷம் புதிய விடுதிகளுக்கு விதி வகுத்தார்கள்: ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். அவர்கள் பகலில் கட்டி எழுப்பும் நான்கறை வீட்டின் பரப்பு சுமார் 90 சதுர மீட்டர்.

அந்த வீடுகளுக்குள்ளேயே தங்கி, பிள்ளை வளர்த்துக் கிழவர்களைப் பராமரிக்கும் வெளிநாட்டுப் பணிப்பெண்களைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.