சொல் செய்யும் வேலை

வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தியபின்தான், அது கற்றுத்தந்த சொற்களிலேயே நான் சிந்தித்து வந்தது புரிந்தது.

1985-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நட்டத்தில் மூழ்கிய தொழில் நிறுவனங்களை ‘நலிந்தவை’ என்றது. செய்திகளிலும் அச்சொல்லே ஒலித்தது. நலிவு என்றால் நோயாளி. ‘இனிப் பிழைக்காது’ என மனம் தானே முடிவு கட்டிவிடும். 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது நாமும் அப்படித்தான் பேசினோம். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம், குறைந்துபோன தங்கச் சத்து, ஏறிய செலவு, வேலையிழந்த குடும்பங்கள் எதையும் அச்சொல் காட்டவில்லை.

2018-இல் வந்த திரைப்படத்துக்குப் பின் ‘கே.ஜி.எஃப்.’ என்றதும் பேரப்பிள்ளைகளுக்குக் கதாநாயகன்தான் நினைவுக்கு வருகிறான். கல்தூசியில் நுரையீரல் கெட்ட நம் முன்னோர் அல்லர்.

அன்பர்களே, பெட்டியைச் சிலநாள் அணைத்துவிட்டு, அவர்கள் கதையை நம் சொற்களில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.