விரல் நுனியில் எட்டாவது கட்டளை

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கேட்கும் மறையுரை கால் மணி நேரம். மிஞ்சினால் முக்கால் மணி நேரம். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் கைப்பேசிக்குப் போகிறது. வலைப்பூ, முகநூல், புலனக் குழு என்று யார் யாரோ எழுதிய கருத்துகள் காலை முதல் இரவு வரை வந்து விழுகின்றன. ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இந்த நிலையில் ஒரு கிறிஸ்தவரின் விசுவாசத்தையும் நல்லொழுக்கத்தையும் எது உருவாக்குகிறது? மேடையிலிருந்து வரும் போதனையா, கையில் இருக்கும் கருவியா?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பெற்றோர்கள் ஆபாசப் படங்களையும் நாத்திகப் பிரச்சாரத்தையும் நினைத்தே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதைவிட அமைதியாக ஓர் ஆபத்து வீட்டுக்குள் நுழைகிறது. பக்தியுள்ளவர்களே, நல்ல எண்ணத்தோடு, ஜெபத்தின் பெயராலேயே, உண்மையா பொய்யா என்று பார்க்காத ஒரு செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்பி வைப்பதுதான் அது. பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. கத்தோலிக்கர் வரிசையில் அது எட்டாவது. பெரும்பாலான மற்ற சபைகளின் வரிசையில் ஒன்பதாவது. இணையம் மற்ற கட்டளைகளைவிட இந்தக் கட்டளையைத்தான் தினமும் சோதிக்கிறது எனலாம்.

சிலிபினில் நடந்தது

வதந்தி என்ன செய்யும் என்பதை மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ சிலிபினில் உள்ள லூர்து மாதா தேவாலயத்தில் இந்தியக் கத்தோலிக்கக் குழந்தைகளுக்குப் புதுநன்மை வழங்கும் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. வெளியே நூற்றுக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். போலீசார் பாதுகாப்புக்கு வர வேண்டியதாயிற்று.

காரணம் ஒரு குறுஞ்செய்தி. 1999இல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற டத்தோ அஸ்ஹார் மன்சோர் தலைமையில், முஸ்லிம்கள் சிலர் அந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறப் போகிறார்கள் என்று அது சொன்னது. அப்படி எதுவும் அங்கே நடக்கவில்லை. தாம் மதம் மாறவில்லை என்று அஸ்ஹார் மன்சோரே பின்னர் மறுத்தார். உள்ளே இருந்தவர்கள் புத்தாடை அணிந்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றோர்களுமே.

அந்தச் செய்தியைப் பெற்று மற்றவருக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் பொய் சொல்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். தங்கள் சமயத்தைக் காப்பதாகவே நினைத்திருப்பார்கள். சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். பொய்யைப் பரப்பப் பொய்யர்கள் பலர் தேவையில்லை. ஒருவர் போதும். மீதியை நல்லவர்களின் பயமும் பாசமும் பார்த்துக்கொள்ளும்.

வலைப்பூவிலிருந்து முதல் பக்கத்துக்கு

குறுஞ்செய்தியின் காலம் போய் வலைப்பூவின் காலம் வந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் உத்துசான் மலேசியா நாளேடு தன் முதல் பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. கிறிஸ்தவத்தை நாட்டின் அதிகாரப்பூர்வ சமயமாக்கப் பினாங்கில் நடந்த ஒரு விருந்தில் போதகர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள் என்பது அதன் சாரம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை வலைப்பூக்களில் வந்த பதிவுகள். சம்பந்தப்பட்டவர்கள் குற்றச்சாட்டை மறுத்தனர். உள்துறை அமைச்சு அந்த நாளேட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

யாரோ ஒருவர் தம் வலைப்பூவில் எழுதியது அச்சில் ஏறியதும் செய்தியாகிவிடுகிறது. அச்சில் வந்ததைப் பார்த்தவர்கள், வலைப்பூ சொன்னது சரிதான் என்கிறார்கள். ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் இந்தச் சுற்றில் முதல் சாட்சி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கிறிஸ்தவர்கள் அனுப்பிய பொய்கள்

இதுவரை சொன்னவை கிறிஸ்தவர்கள் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள். அவர்களே பரப்பிய பொய்களும் உண்டு.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு டிசம்பரில் லொரென்சோ மிலாம், ஜெரமி லான்ஸ்மன் என்ற இருவர் கூட்டரசு தொடர்பு ஆணையத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். கல்வி ஒலிபரப்புக்காக ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளைச் சமய நிறுவனங்கள் பெறுவது குறித்து ஆராய வேண்டும் என்பதே கோரிக்கை. 1975 ஆகஸ்டில் ஆணையம் அதை நிராகரித்தது. விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், பெயர்பெற்ற நாத்திகரான மாடலின் மர்ரே ஓஹேர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கடவுளின் பெயரையே தடை செய்யப் பார்க்கிறார் என்று தேவாலயங்களில் துண்டறிக்கை பரவியது. அந்த மனுவுக்கும் அந்த அம்மையாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் ஆணையத்துக்குக் கோடிக்கணக்கில் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1995இல் கடத்திக் கொல்லப்பட்ட பிறகும் அவர் பெயரில் அந்தப் பொய், மின்னஞ்சல் வடிவில் உயிரோடு உலவியது.

இன்னொன்று ஆசியாவுக்கே நெருக்கமானது. 2010 வாக்கில் ஒரு ஜெப விண்ணப்பம் உலகம் முழுவதும் சுற்றத் தொடங்கியது. இந்தியாவில் பௌத்தத் தீவிரவாதிகள் நேற்று இரவு 20 தேவாலயங்களை எரித்துவிட்டார்கள், இன்று இரவு 'ஒலிசபாங்' மாநிலத்தில் 200 தேவாலயங்களை அழிக்கப் போகிறார்கள், உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்பது அதன் பொருள். இந்தியாவில் அப்படி ஒரு மாநிலமே கிடையாது. அந்தச் சம்பவமும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த 'இன்று இரவு' புதிதாகப் பிறந்துகொண்டே இருந்தது.

இதில் மூன்று தீங்குகள் உள்ளன. முதலாவது, உண்மையில் துன்பப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. 2008 ஆகஸ்டில் ஒரிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டார்கள்; பலர் கொல்லப்பட்டார்கள்; ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கற்பனை ஊருக்கான அழைப்பு திரும்பத் திரும்ப வந்தால், உண்மையான கூக்குரலையும் மக்கள் நம்ப மறுப்பார்கள். இரண்டாவது, ஜெபமே பொய்யின் வாகனமாகிறது. மூன்றாவது, குற்றமற்ற அண்டை வீட்டார் மீது பழி விழுகிறது.

இந்த மூன்றாவது தீங்கை ஜெஞ்சாரோமில் நின்று பார்த்தால் நன்றாகப் புரியும். இங்குள்ள தோங் சென் பௌத்த ஆலயத்தில் சீனப் புத்தாண்டின்போது ஏற்றப்படும் விளக்குகளைக் காண எல்லா இனத்தவரும் குடும்பத்தோடு போகிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவர், பௌத்தர்கள் தேவாலயங்களை எரிக்கிறார்கள் என்ற செய்தியை விசாரிக்காமல் அனுப்பினால், அது எங்கோ இருக்கும் யாரைப் பற்றியோ அல்ல. பக்கத்துக் கடைக்காரரைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையையே அது மாற்றிவிடுகிறது.

அவசரம், புறங்கூறல், அவதூறு

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறருடைய நற்பெயருக்கு எதிரான குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. போதிய ஆதாரமில்லாமல் ஒருவரிடம் குற்றம் இருப்பதாக மனத்துக்குள் முடிவு செய்வது அவசரத் தீர்ப்பு. உண்மையான குறையையே, தக்க காரணமில்லாமல், அதை அறியாதவரிடம் சொல்வது புறங்கூறல். பொய்யைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது அவதூறு. திருவள்ளுவரும் புறங்கூறாமைக்கென்றே தனி அதிகாரம் வகுத்திருப்பதைத் தமிழர்கள் அறிவார்கள்.

சொன்னது உண்மைதானே என்று வாதிடுவோர் இரண்டாவது குற்றத்தைக் கவனிக்க வேண்டும். உண்மையாக இருந்தாலும் சொல்லக் காரணம் வேண்டும். ஒரு போதகரின் குடும்பச் சண்டை, ஒரு பெண்ணின் கடந்த காலம், திருமணம் முறிந்த கதை ஆகியவற்றைக் குழுவில் போடுவதால் யாருக்கு என்ன நன்மை? 'இவருக்காக ஜெபியுங்கள்' என்று கடைசியில் சேர்த்துவிட்டால் புறங்கூறல் ஜெபமாகிவிடாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் இரண்டு முறை இதைப் பற்றி எழுதினார். அந்த ஆண்டு சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில், ஏதேன் தோட்டத்துப் பாம்பின் தந்திரத்தைப் பொய்ச்செய்தியின் தொடக்கமாகக் காட்டினார். கிறிஸ்தவர்களும் இணையத்தில் வார்த்தை வன்முறையில் சிக்கிக்கொள்கிறார்கள் என்றும், மற்றக் கட்டளைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே எட்டாவது கட்டளையை முற்றிலும் ஒதுக்கிவிடுகிறார்கள் என்றும் மார்ச் மாதம் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் கண்டித்தார். விசுவாசத்தைக் காக்கிறேன் என்று புறப்பட்டு, விசுவாசம் கேட்கும் ஒழுக்கத்தை இழப்பதே இதில் உள்ள பரிதாபம்.

மௌனமும் விடையல்ல

அப்படியானால் வாயைத் திறக்கவே கூடாதா? அதுவும் தவறு. 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் நாளேடு, குருக்கள் சிலர் சிறுவர்களுக்குச் செய்த பாலியல் கொடுமைகளையும், அவற்றைத் திருச்சபை அதிகாரிகள் மூடி மறைத்ததையும் வெளிப்படுத்தியது. திருச்சபையின் நற்பெயர் என்று சொல்லி மௌனம் காத்ததால் மேலும் பல பிள்ளைகள் பாதிக்கப்பட்டனர். இத்தகைய குற்றங்களை அறிந்த குருக்களும் துறவிகளும் புகார் செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2019இல் வந்தது. பிள்ளைகளைக் காக்க உண்மையைச் சொல்வது புறங்கூறல் அல்ல, அது கடமை.

வேறுபாடு எங்கே? ஆதாரத்திலும், யாரிடம் சொல்கிறோம் என்பதிலும் இருக்கிறது. ஜெஞ்சாரோமிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2018இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பை இங்கு வந்து குவிந்து, இரவில் எரிக்கப்பட்டு, மக்கள் மூச்சு விடச் சிரமப்பட்டார்கள். குடியிருப்பாளர்கள் வெறும் வதந்தி பரப்பவில்லை. ஆலைகள் எங்கே உள்ளன என்று தேடிக் கண்டுபிடித்து, ஆதாரம் திரட்டி, அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். 30க்கும் மேற்பட்ட சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன. இடம், ஆதாரம், பொறுப்பேற்கும் ஆள் ஆகிய மூன்றும் இருந்தால் அது சாட்சி. மூன்றும் இல்லாவிட்டால் அது வதந்தி.

கிள்ளானில் மலர்கள்

இணையம் கெடுதல் மட்டுமே செய்கிறது என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, வழிபாட்டை வீடுகளுக்குள் கொண்டுவந்தது இதே இணையம்தான்.

அதற்கு முன்பே, 2014 ஜனவரியில், 'அல்லா' என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்துவது பற்றிய சர்ச்சை சிலாங்கூரில் கொதித்துக்கொண்டிருந்தது. ஜனவரி 2ஆம் நாள் பைபிள் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட மலாய், ஈபான் மொழி விவிலியங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. ஞாயிறு 5ஆம் நாள் தேவாலயங்களுக்கு முன் ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற பேச்சும் பரவியது. அன்று காலை கிள்ளான் லூர்து மாதா தேவாலயத்துக்கு வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது ஆர்ப்பாட்டத்துக்காக அல்ல. கையில் மலர்களோடு, கிறிஸ்தவர்களுக்குத் துணையாக நிற்பதற்காக. சமூக ஆர்வலர் மரினா மகாதீரும் அவர்களில் ஒருவர். சிலிபினில் பயம் கூட்டத்தைக் கூட்டியது. கிள்ளானில் நட்பு கூட்டியது.

என்ன செய்யலாம்?

ஒரு செய்தி வந்தவுடன் கோபமோ பயமோ பொங்கினால், அதுவே நிறுத்திப் பார்க்க வேண்டிய அடையாளம். நாள், ஊர், பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இன்று இரவு', 'உடனே', 'எல்லாருக்கும்' என்ற சொற்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா' அகப்பக்கத்தில் உள்நாட்டுச் செய்திகளைச் சரிபார்க்கலாம். சமயம் பற்றிய செய்தியென்றால் பங்குக் குருவிடமோ போதகரிடமோ ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கமில்லை.

தவறாக அனுப்பிவிட்டால்? புனித பிலிப்பு நேரியைப் பற்றி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. புறங்கூறிய ஒரு பெண்ணை, கோழியின் இறகுகளைத் தெருவெங்கும் பிய்த்துப் போட்டுவிட்டு வரச் சொன்னாராம். வந்ததும், போய் அவற்றைப் பொறுக்கி வா என்றாராம். காற்றில் பறந்த இறகுகளை யாரால் பொறுக்க முடியும்?

பொறுக்க முடியாது என்பதால் கடமை தீர்ந்துவிடவில்லை. பிறர் பெயரைக் கெடுத்தவர், மன்னிப்புப் பெற்ற பிறகும், அந்தக் கெடுதலைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறது மறைக்கல்வி. செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது போதாது. எந்தக் குழுவில் அனுப்பப்பட்டதோ, அதே குழுவில், அதே ஐம்பது பேர் முன்னிலையில், 'நான் அனுப்பியது உண்மையல்ல' என்று எழுத வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியைப் படிக்கும் பிள்ளைகள், பொய்ச்சாட்சி பற்றிய கட்டளைக்கு இன்றும் உயிர் இருக்கிறது என்பதைத் தங்கள் வீட்டிலேயே கற்றுக்கொள்வார்கள்.