கருவேலங்காட்டுக்கு எந்த மெஷின்?

முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் புஞ்சை. அப்பா காலத்தில் மிளகாயும் சோளமும் விளைந்த நிலம். அவர் படுத்த பிறகு பன்னிரண்டு வருடம் யாரும் உழவில்லை. சீமைக் கருவேலம் மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் வடக்கு வரப்பில் நிற்கும் பனைகளின் தலை மட்டும்தான் தெரியும். போன மாசியில் அதைத் திருத்துவது என்று முடிவு செய்து, டவுனுக்குப் போய் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம்.

கடைக்காரர் முதலில் கேட்டது, "எத்தனை சிசி வேணும்?" என்றுதான். நானும் அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன். 58 சிசி, 22 இஞ்ச் பிளேடு. இருந்ததிலேயே பெரியது. தூக்கிப் பார்த்தபோது கனமாகத்தான் இருந்தது. காட்டு வேலைக்குக் கனமான மெஷின்தானே வேண்டும் என்று நினைத்தேன். நாலாவது நாள் மத்தியானம் அது முள் மரத்தின் மேல் புகை கக்கிக்கொண்டு நின்றது. மரம் அறுபடவில்லை. மெஷினைத் தூக்கித் தூக்கி எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சீமைக் கருவேலம் தேக்கைப் போல ஒற்றைத் தண்டாக நிற்கும் மரமல்ல. ஒரே அடியிலிருந்து ஐந்தாறு கவைகள் பிரிந்து, தரையோடு தரையாகப் படர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கவையும் கைப் பருமனில் தொடங்கித் தொடைப் பருமன் வரை இருக்கும். இதற்கு 22 இஞ்ச் பிளேடு எதற்கு? நீளமான பிளேடின் நுனி, நாம் அறுக்கும் கவையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் இன்னொரு கவையில் போய் முட்டும். அந்த முட்டல்தான் ஆளைக் கொல்வது. பிளேடு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் ஓடுகிற சங்கிலி கடித்துப் பிடித்துக்கொள்ளும். மெஷின் மொத்தமும் அறுக்கிறவன் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது.

கருவேலங்காட்டுக்கு 16 இஞ்ச் பிளேடு போதும். இன்ஜின் 40 முதல் 45 சிசி. இந்த அளவில் நல்ல மெஷின் பிளேடு இல்லாமல் ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலையில் ஒரு கிலோ கூடினாலும் சாயந்திரம் தெரியும். சிசி என்பது இன்ஜினுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. வேலை செய்யும் பலம் கிலோவாட்டில் எழுதியிருக்கும். நல்ல கம்பெனியின் 45 சிசி மெஷினே இரண்டு கிலோவாட்டுக்கு மேல் தரும். 58 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் அதைவிடக் கூடுதலாகத் தரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனி மெஷின்கள் பல மடங்கு விலைதான். ஆனால் விலையைக் கேட்பதற்கு முன்னால், நம் தாலுகாவில் அதற்குச் சங்கிலியும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் யார் தருகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். உதிரி கிடைக்காத மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நமக்கு உதவாது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல ஊர்ந்தாலும் அந்த மெஷின் சரியில்லை, அல்லது அதன் செட்டிங் சரியில்லை. அடுத்து, முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பைத் தள்ளிப் பாருங்கள். அதுதான் செயின் பிரேக். டக்கென்று பிடிக்க வேண்டும். மெஷின் எகிறும்போது நம் கை பட்டோ எகிறும் வேகத்திலோ அந்தத் தடுப்பு விழுந்தால்தான் சங்கிலி நிற்கும். அது வேலை செய்யாத மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் மெஷின் நின்றுபோன கதைக்கு வருகிறேன். பக்கத்துக் காட்டில் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். மெஷினைப் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் விழுந்திருந்த மரத்தூளை ஒரு கை அள்ளி விரலிடையே தேய்த்தார்.

"தம்பி, மாவு மாதிரி இருக்கே. பல்லு செத்துப்போச்சு."

"வாங்கி நாலு நாள்தாண்ணே ஆகுது."

"மண்ணுல பட்டுச்சா?"

பட்டிருந்தது. தரையோடு ஒட்டி அறுக்க வேண்டும் என்ற ஆசையில் பத்துத் தடவையாவது பட்டிருக்கும். கருவேல மரத்தின் அடிப்பட்டையில் காற்று அடித்துச் சேர்த்த மணல் எப்போதும் அப்பியிருக்கும். மண்ணில் ஒரே ஒரு தடவை சங்கிலி உரசினால் போதும், அதுவரை இருந்த கூர் போய்விடும். அண்ணன் தன் மெஷினால் ஒரு கவையை அறுத்துக் காட்டினார். அவருடையது பழைய மெஷின், பெயின்ட் உரிந்து கிடந்தது. விழுந்தது தூள் அல்ல, பாக்குச் சீவல் போலச் செதில் செதிலாக விழுந்தது. "இப்படி விழுந்தா நீ அமுக்க வேண்டாம். அதுவே இறங்கும்" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உருண்டை அரத்தை எடுத்தார். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் செய்து காட்டியது, மெஷின் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கடையிலேயே கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம். ஒரு கட்டையில் வெட்டுப் போட்டு அதில் பிளேடைச் செருகி அசையாமல் நிறுத்தினார். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அரத்தை அழுத்தினார். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட்டார். பல்லின் மேல்முகத்தில் ஒரு சாய்வுக் கோடு இருக்கும், 30 டிகிரி. அரம் அதற்கு இணையாகவே போனது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. இடப்பக்கப் பல் எல்லாம் முடித்து, மறுபக்கம் போய் வலப்பக்கப் பல்லுக்கும் அதே மூன்று தள்ளு. ஒரு பக்கம் கூடிப்போனால் வெட்டு கோணிக்கொண்டு போகும். அரத்தின் பருமன் சங்கிலிக்குத் தகுந்தபடி மாறும். .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர், சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அந்த மேடுதான். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். பல்லுக்கும் மேட்டுக்கும் சுமார் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சரி. இறக்காவிட்டால் கூர் இருந்தும் கடிக்காது. அதிகம் இறக்கினால் வெறிபிடித்ததுபோல் கடித்து எகிறும்.

இந்தப் பல்லுக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி விறகு பிளந்துகொண்டிருந்தபோது, அடிக்கட்டை ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அன்றைய சங்கிலிகள் கைரம்பத்தின் பல்லையே கொண்டிருந்தன, அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. புழுவோ இரண்டு தாடைகளாலும் இடமும் வலமுமாகச் செதுக்கி, நார் ஓடும் திசையிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. காக்ஸ் அந்தத் தாடையின் வளைவை இரும்பில் செய்து பார்த்தார். 1947-ல் போர்ட்லாண்டில் கம்பெனி தொடங்கினார். இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் தாடையிலிருந்து வந்தவைதான்.

பெட்ரோல் விஷயத்தில் தப்பு செய்தால் இன்ஜினே போய்விடும். இது டூ ஸ்ட்ரோக். லிட்டருக்கு 20 மில்லி ஆயிலா 40 மில்லியா என்பது மெஷினையும் ஆயிலையும் பொறுத்தது. கையேட்டில் 50:1 என்றிருந்தால் 20, 25:1 என்றிருந்தால் 40. கண்ணளவு கூடாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் மெஷின் சும்மா கிடக்கப் போகிறது என்றால் டாங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு வையுங்கள். சங்கிலிக்குத் தனி ஆயில். பைக்கில் இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதிலிருக்கும் இரும்புத் துகளும் கசடும் ஆயில் பம்பை அடைத்து பிளேடை எரித்துவிடும்.

தென்னை வேறு கணக்கு. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறிய பிறகு, பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தோப்புகளில் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மரம் அறுக்கும் மெஷினுக்காக ஊர்கள் காத்துக் கிடந்த நாட்கள் அவை. தென்னையில் வெளிவட்டம் இரும்பு, உள்ளே சோறு. வெளிவட்டம் சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அறுக்க அறுக்க நார் போய் கிளட்ச் மூடிக்குள் திரண்டு அடைக்கும். அடிக்கடி நிறுத்திக் கழற்றித் துடைக்க வேண்டும். பிளேடு 18 இஞ்ச் தாராளம். சங்கிலி மட்டும் இரண்டு மூன்று கையில் இருக்க வேண்டும். விழுந்த மரத்தில், நிற்கும் மரத்தைவிட ஆபத்து அதிகம். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்து அறுத்தால், வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிடும். மேலே கொஞ்சம் வெட்டுக் கொடுத்துவிட்டுக் கீழிருந்து ஏற வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டைத் துண்டித்ததும், பாரம் குறைந்த வேர்க்கட்டை பழையபடி நிமிர்ந்து குழிக்குள் உட்காரக்கூடும். அந்தக் குழிப் பக்கம் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. விழுந்த தண்டுகளைத் தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, மிஞ்சிய மரங்களின் குருத்தைத் தின்னும். அதனால்தான் கஜாவுக்குப் பிறகு அந்த அவசரம்.

எந்த மரமானாலும் பாதுகாப்புச் சாமானை மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வலைமூடி வைத்த ஹெல்மெட், காது மூடி, முள் ஏறாத பூட்ஸ். லுங்கியும் தோள் துண்டும் கட்டிக்கொண்டு அறுப்பதை நான் தினமும் பார்க்கிறேன், நெஞ்சு பதறுகிறது. சங்கிலி துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். வெளிநாட்டு மரவெட்டிகள் போடும் கால்கவசத்தில் நீளநீளமான நாரிழைகள் இருக்கும். சங்கிலி பட்டதும் அவை சுற்றிக்கொண்டு மெஷினையே நிறுத்திவிடும். தேடினால் இங்கேயும் வாங்கலாம். வெயிலுக்குப் புழுங்கும், ஆனாலும் போடத்தான் வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். தனி ஆளாகக் காட்டுக்குள் போகாதீர்கள். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது. கரண்ட் கம்பிப் பக்கம் சாயும் மரம் என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், மெஷினால் கருவேலங்காட்டை அழிக்க முடியாது. எனக்கு இது தெரியக் கொஞ்ச காலம் பிடித்தது. எங்களுக்கு முன்பே, ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு காண்ட்ராக்டர் வந்து விறகை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுத்தமாகத் தருவதாகச் சொல்லி வெட்டினார். தரைமட்டத்துக்கு அறுத்து, கரிக்கு ஏற்றிப் போய்விட்டார். மழைக்குப் பிறகு ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டுத் தண்டு வந்தது. இந்த மரம் துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேர்க்கழுத்தில் இருக்கின்றன. ஒரு சாண் ஆழமாவது தோண்டி அந்தக் கழுத்தோடு எடுத்தால்தான் செத்துப்போகும். அந்த ஆழத்தில் சங்கிலியை இறக்கினால் மண்ணில்தான் ஓடும். கோடரியும் கடப்பாரையும் வேண்டும், அல்லது ஜேசிபி.

கையில் மெஷின் இருந்தும் வேலையை மூன்றாகப் பிரித்தோம். வெளிப்புற முள்ளைத் தொரட்டியாலும் அரிவாளாலும் விலக்கி உள்ளே போக வழி. பிறகு மெஷினால் இடுப்புயரத்தில் அறுப்பு. தரையோடு அறுக்கக் கூடாது, ஜேசிபி பிடித்து இழுக்கக் கைப்பிடிபோல ஒரு கட்டை நிற்க வேண்டும். கடைசியில் ஜேசிபி இரண்டு நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே. காய்ந்த பிறகு இழுத்தால் வேர் பாதியில் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். ஓடையை ஒட்டிய வரப்பில் மட்டும் ஜேசிபியை விடவில்லை, கரை உடைந்துவிடும். அங்கே ஆள் வைத்துத் தோண்டினோம். மூன்று ஏக்கருக்கு இப்படிச் செய்கிறவர் மெஷினைச் சொந்தமாக வாங்கத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். மெஷினோடு ஆளையும் நாள் கூலிக்கு எடுப்பது லாபம். வருடா வருடம் கிளை கழிக்கும் தோப்பு வைத்திருப்பவர் வாங்கட்டும்.

அறுப்பதற்கு முந்தின நாள் அம்மா சுண்ணாம்புச் சட்டியோடு காட்டுக்குள் போனாள். விட வேண்டிய மரங்களுக்கெல்லாம் பட்டை அடித்தாள். முள்ளுக்குள் மறைந்து வேம்பு இரண்டு, உடைமரம் ஒன்று, நாட்டுக் கருவேலம் நான்கு. மெஷின்காரருக்கு இரண்டு கருவேலமும் ஒன்றுதான். நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்ததுபோலக் காய். சீமைக்கு நீளக் கதிராகப் பூ. பூ இல்லாத மாதத்தில் அம்மா பட்டையைத் தடவியே சொன்னாள். சந்தனம், பனை போன்றவற்றுக்குச் சட்டமே காவல் இருக்கிறது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வேம்புக்கும் உடைமரத்துக்கும் அந்தச் சுண்ணாம்புப் பட்டைதான் காவல்.

ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், உழுத மண் முழுக்க விரல் நீளத்துக்குக் கருவேலங்கன்று. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். மேய வரும் ஆடும் புழுக்கையில் கொண்டுவந்து போடும். கார்த்திகை முழுக்க, மண் இளகி இருக்கும்போது, நானும் அம்மாவும் காலையில் இரண்டு மணி நேரம் கையாலேயே பிடுங்கினோம். வேர் ஆணிபோல முழுதாக வரும். முள் இன்னும் முற்றவில்லை. மெஷின் டாங்க் காலியாகக் கொட்டகையில் நிற்கிறது. பிளேடை 16 இஞ்சுக்கு மாற்றிவிட்டேன். அண்ணன் கொடுத்த அரம் அதன் கைப்பிடியிலேயே கட்டிக் கிடக்கிறது.