தேமலுக்கு அடியில்

தொழுநோய்க் கிருமி தோலுக்குள் உண்டாக்கும் மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவருக்கு முதுகில் ஒரே ஒரு உணர்ச்சியற்ற தேமல். இன்னொருவருக்குக் காது மடல் தடித்து, உடம்பெங்கும் முடிச்சுகள். நோயாளியின் எதிர்ப்பு சக்தி அந்தக் கிருமியை எப்படிச் சந்திக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சந்திப்பு நடக்கும் இடத்தைப் பார்க்கத்தான் தோலில் ஒரு துணுக்கை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புகிறார்கள்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களான ஏனாத்தூருக்கும் உத்திரமேரூருக்கும் இந்த நோய் எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. அந்த மாவட்டம் நெடுங்காலம் தொழுநோய் மிகுந்த பகுதியாக இருந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய நிறுவனமாக்கியது.

தேமலின் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வெட்டி எடுத்து, ஃபார்மலினில் போடுவார்கள். பின்பு அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றுவார்கள். வழக்கமான சாயத்தில் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும், கிருமி தெரியாது. அதற்கு ஃபைட் சாயம் வேண்டும். இதில் மெழுகை நீக்கும்போது சைலீனோடு கடலை எண்ணெயையும் சேர்க்கிறார்கள். தொழுநோய்க் கிருமியின் கொழுப்பு உறை எளிதில் கெடக்கூடியது. அதைக் காப்பது அந்த எண்ணெய். இந்தப் பக்கத்து வயல்களில் விளையும் கடலைக்கு ஆய்வகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

எதிர்ப்பு சக்தி வலுவாக உள்ளவரின் ஸ்லைடில் 'கிரானுலோமா' காணப்படும். கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் உருமாறி, 'எபிதீலியாய்டு' செல்களாக நெருங்கிக் கூடிய திரள் அது. நடுவே லாடம்போல் உட்கருக்கள் வரிசைகட்டிய 'லாங்ஹான்ஸ்' பெருஞ்செல்கள், சுற்றிலும் லிம்போசைட்டுகள். இந்தத் திரள் மேல்தோலை முட்டும், நரம்பைத் தின்னும். தேமலில் தொட்டால் தெரியாமல் போவது இதனால்தான். கிருமியோ தேடினாலும் கிடைப்பது அரிது. இதுவே 'டியூபர்குலாய்டு' வகை.

எதிர்ப்பு குன்றியவரிடம் எல்லாம் தலைகீழ். மேல்தோல் மெலிந்து தட்டையாகிவிடும். அதற்கு நேர்கீழே செல்கள் ஊடுருவாத ஒரு பட்டை. பயாப்சி அறிக்கையில் 'கிரென்ஸ் சோன்' என்று குறிப்பிடுவது இதைத்தான். பட்டைக்குக் கீழே மேக்ரோபேஜ்கள் கிருமிகளை விழுங்கியும் கொல்ல முடியாமல், கொழுப்பு நிரம்பி நுரைத்து நிற்கும். அந்த நுரை செல்களுக்குள் சிவப்புக் குச்சிகளாகக் கட்டுக் கட்டாகக் கிருமிகள் கிடக்கும்; கட்டுக்குப் பெயர் 'குளோபை'. இது 'லெப்ரோமேட்டஸ்' வகை. இவ்விரண்டு கோடிகளுக்கும் நடுவே மூன்று இடைநிலைகளை வைத்து, ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966-ல் வெளியிட்ட ஐந்து பிரிவுகளே இன்றும் நோய்க்குறியியலில் வழக்கில் உள்ளன.

'இன்டிடர்மினேட்' என்ற சொல் பலரைக் குழப்புகிறது. நோய் இன்னும் எந்தப் பக்கமும் சாயாத ஆரம்ப நிலை அது. நரம்பையும் வியர்வைச் சுரப்பியையும் ஒட்டிச் சில லிம்போசைட்டுகள் மட்டும் இருக்கும். நரம்புக்குள் ஒரே ஒரு கிருமி கண்ணில் பட்டாலும் நோய் உறுதியாகிவிடும்; அதற்காகப் பல சீவல்களைப் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும். தேமல் சிறிதாக இருக்கும்போதே வருபவருக்கு இந்தப் பொறுமை பெரிய உபகாரம். நரம்பு கெடுவதற்குள் மருந்து தொடங்கிவிடலாம்.

கிருமியின் அளவை 'பாக்டீரியல் இண்டெக்ஸ்' என்ற எண் சொல்கிறது. 0 முதல் 6 வரை செல்லும் இதில் ஒவ்வொரு படிக்கும் கிருமிகள் பத்து மடங்கு பெருகும். 6 என்றால் மைக்ராஸ்கோப்பின் ஒரு பார்வைப் பரப்பில் ஆயிரத்துக்கு மேல். கூட்டு மருந்து சாப்பிட்டவுடன் கிருமி செத்தாலும், உடலங்களை உடல் மெதுவாகத்தான் அகற்றும்; இந்த எண் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு படி வீதமே இறங்கும். செத்த கிருமி துண்டு துண்டாகவோ பொடியாகவோ தெரியும். அறிக்கையில் 'ஃபிராக்மென்டட்', 'கிரானுலர்' என்று வரும். 12 மாத மருந்தை முடித்தவரின் ஸ்லைடில் இவை மிச்சமிருப்பதை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டதாகக் கொள்ள முடியாது. புதிய தேமலோ முடிச்சோ தோன்றி, முழுக் குச்சியாகச் சாயமேறிய கிருமிகளும் தெரிந்தால்தான் அந்தச் சந்தேகம் எழும்.